ஒரே வீட்டில் இரண்டு முதுகுவலி: கோத்தகிரி மலையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறிக்கும் 44 வயதுப் பெண்ணும், அதே தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அவருடைய 67 வயது மாமியாரும் ஒரே நாளில் என்னிடம் பிசியோதெரபிக்கு வந்தார்கள். இருவருக்கும் முதுகுவலி. இருவரும் கேட்டதும் ஒன்றுதான்: கைரோபிராக்டிக், அதாவது முதுகெலும்பைக் கையால் சட்டென்று தள்ளி அசைக்கும் சிகிச்சை. மருமகளுக்கு அந்தச் சிகிச்சை கிடைத்தது, ஓரளவு கைகொடுக்கவும் செய்தது. மாமியாரின் முதுகில் அதே அழுத்தத்தைக் கொடுத்திருந்தால் ஏற்கெனவே நொறுங்கியிருந்த எலும்பு மேலும் நொறுங்கியிருக்கும். ஒரே வீடு, ஒரே வேலை, ஒரே புகார். நோய்தான் வேறு வேறு. அதனால் இருவரையும் சேர்த்தே எழுதுகிறேன். இருவரிடமும் சம்மதம் வாங்கியிருக்கிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

மருமகள்

வலி தொடங்கி எட்டு மாதம் ஆகியிருந்தது. முதலில் சாயங்காலத்தில் மட்டும் குறுக்கில் ஒரு பிடிப்பு. பிறகு வலது பிட்டத்தில் வலி, சில நாள் தொடையின் பின்பக்கம் முழங்கால் வரை. காலையில் எழுந்ததும் கால் மணி நேரம் விறைப்பு. மரத்துப்போவது இல்லை, பாதம் வரை போவதும் இல்லை.

அதற்குள் அவர் செய்து பார்த்தவை நீளமான வரிசை. நொச்சித் தைலம், கற்பூரம் காய்ச்சிய தேங்காயெண்ணெய், மெடிக்கலில் கேட்டு வாங்கிய வலி மாத்திரை, டிஸ்பென்சரி ஊசி. காலால் பிறந்தவர் மிதித்தால் பிடிப்பு விடும் என்று அக்கம்பக்கத்தில் சொல்ல, லயன் வீட்டு (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு) வாசலில் பாய் விரித்துப் படுத்து அதையும் பார்த்துவிட்டார். பிறகு கீழே இறங்கி ஒரு எம்.ஆர்.ஐ. 'எல்-4, எல்-5 இடையே டிஸ்க் பிதுக்கம், எல்-5, எஸ்-1 இடையே டிஸ்க் தேய்மானம்' என்று அறிக்கை வந்தது. (டிஸ்க் என்பது இரண்டு முள்ளெலும்புகளுக்கு நடுவிலுள்ள மெத்தை; எல் என்பது இடுப்பு முள்ளெலும்புகளையும் எஸ் அவற்றுக்குக் கீழே உள்ளதையும் குறிக்கும்.) அறிக்கையைப் பார்த்த ஒருவர், "டிஸ்க் விலகிடுச்சு, குனியவே கூடாது, ஆறு மாசத்துல ஆபரேஷன் ஆகும்" என்றாராம். அந்த ஒரு வாக்கியம் எட்டு மாத வலியைவிட அதிகக் கெடுதல் செய்தது. மூன்று வாரம் படுத்த படுக்கை, இடுப்பில் எப்போதும் பெல்ட், மூன்று வாரக் கூலி போயிற்று. எழுந்தபோது முதுகு முன்பைவிட விறைத்திருந்தது.

கடைசியாகச் சமவெளியில் ஒரு கைரோ மையம். மகள் கைபேசியில் காட்டிய வீடியோக்களைப் பார்த்துப் போனது. உள்ளே போய் வெளியே வரப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை என்றார். அறிக்கையை வாங்கிப் பார்க்கவில்லை, கால் பலம் பார்க்கவில்லை. இடுப்பு வலிக்குப் போனவருக்குக் கழுத்தையும் சேர்த்துத் திருகிவிட்டார்கள். இரண்டு நாள் உடம்பு லேசாக இருந்தது. மூன்றாம் நாள் இடுப்புவலி திரும்பியது, கூடவே ஒரு வாரம் கழுத்துவலி. அப்படியும் அவருக்கு அந்தச் சிகிச்சையின் மேல் நம்பிக்கை போகவில்லை. "டாக்டரம்மா, அந்த ரெண்டு நாள் நல்லா இருந்துச்சுல்ல, அப்ப அதுதானே சரியான வைத்தியம்? எலும்பைத் தள்ளி ஒழுங்கா உள்ள விட்டாப் போதும்" என்றார். கேள்வி நியாயமானதுதான்.

முதலில் ஆபத்தான காரணங்கள் எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். சிறுநீர் அடைப்போ கட்டுப்பாடு இழப்போ உண்டா, உட்காரும் இடத்தில் மரத்துப்போகிறதா, இரண்டு காலும் தளர்கிறதா என்று கேட்டேன். இவை முதுகெலும்பின் அடியில் குதிரைவால் போலத் தொங்கும் நரம்புக் கற்றை நசுங்குவதன் அடையாளங்கள்; இருந்தால் அன்றைக்கே அறுவைச் சிகிச்சை உள்ள மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். காய்ச்சல், எடை குறைதல், பழைய புற்றுநோய், காசநோய், விழுந்து அடிபட்டது, ஸ்டீராய்டு மாத்திரை, இவற்றையும் விசாரித்தேன். எதுவும் இல்லை.

கால் விரல் நுனியிலும் குதிகாலிலும் தடுமாறாமல் நடந்தார். மல்லாந்து படுக்கவைத்து வலது காலை நீட்டியபடி 75 டிகிரி வரை தூக்கினேன். தொடையின் பின்தசை இழுத்ததே தவிர கால் முழுக்க மின்சாரம் பாய்வது மாதிரியான வலி வரவில்லை. முழங்கால், கணுக்கால் அனிச்சைகள் இரண்டு பக்கமும் சமம். கட்டைவிரலைத் தூக்கும் பலமும் சமம். குனிந்தபோது விரல்கள் முழங்காலுக்குக் கீழே பாதிக் கணைக்கால் வரை போயின. குனிவதைவிட நிமிர்வதில்தான் வலி. பின்னால் வளைந்து வலது பக்கம் சாய்ந்ததும், "இதுதான், இதே வலிதான்" என்றார். அன்றாட வேலைகளுக்கு வலி எவ்வளவு தடையாக இருக்கிறது என்று அளக்கும் ஆஸ்வெஸ்ட்ரி படிவத்தில் 48 சதவீதம் வந்தது. கடுமையான பாதிப்பு என்ற பிரிவு அது.

ஆக, நரம்பு நசுங்கியதற்கான தடயம் உடம்பில் எங்கும் இல்லை, படத்தில்தான் பிதுக்கம். இந்த இடத்தில் ஒரு புள்ளிவிவரத்தை எல்லா நோயாளிகளுக்கும் சொல்கிறேன். முதுகுவலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களை ஆராய்ந்த முடிவுகளை 2015-இல் தொகுத்துப் பார்த்தார்கள். வலியற்ற 40 வயதுக்காரர்களில் 68 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம், 50 சதவீதம் பேருக்குப் பிதுக்கம். 20 வயதிலேயே 37 சதவீதம் பேருக்குத் தேய்மானம் இருந்தது. 80 வயதில் 96 சதவீதம். "அக்கா, உங்களோட கொழுந்து எடுக்கிற உங்க வயசுக்காரங்களை வரிசையா ஸ்கேன்ல படுக்கவச்சா, வலி இல்லாத பாதிப் பேருக்கும் இதே ரிப்போர்ட்தான் வரும்" என்றேன். அவர் சட்டென்று நம்பவில்லை. ஆனால் பெல்ட்டை அன்று கழற்றினார்.

முதுகுவலியில் பத்தில் ஒன்பதுக்கு 'இந்தத் திசுதான் காரணம்' என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. மூட்டா, டிஸ்க்கின் வெளிவளையமா, தசையா, தசைநாரா என்று பிரித்துச் சொல்லும் நம்பகமான சோதனை கிடையாது. பின்னால் வளையும்போது வலிப்பதை வைத்து முள்ளெலும்புகளின் பின்பக்கச் சிறு மூட்டுகள் என்று நான் ஊகிக்கலாம், ஊகம் ஊகம்தான். திசுவைக் காட்ட முடியாவிட்டாலும், எது அதைத் தொடர்ந்து உறுத்துகிறது என்று தேடலாம். அதற்கு வேலையைப் பார்க்க வேண்டும்.

தேயிலைச் செடியும் இடுப்பும்

வலி எப்போது தொடங்கியது என்பதற்கு அவர் தேதி சொல்லவில்லை. "கவாத்து அடிச்ச காட்டுக்கு எங்களை மாத்தினாங்கல்ல, அப்ப" என்றார். இந்தப் பதிலைத்தான் இதற்கு முன் யாரும் கேட்டு வாங்கியிருக்கவில்லை.

தேயிலைச் செடியை நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை கவாத்து செய்வார்கள். வெட்டிய பிறகு துளிர்த்து வரும் செடி குட்டையாக இருக்கும். ஆண்டுக்கு ஆண்டு பறிப்பு மட்டம் உயர்ந்துகொண்டே போகும். கவாத்துக்கு முந்தைய ஆண்டில் இடுப்பு உயரத்தில் கை நீட்டிப் பறித்தவர், கவாத்துக்கு அடுத்த ஆண்டில் அதே வேலைக்கு இடுப்பை மடித்துக் குனிய வேண்டும். சரிவில் நிற்பதால் ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே. உடம்பு எப்போதும் ஒரு பக்கம் திருகியிருக்கும். கையால் பறித்த காலத்தில் உடம்பு அவ்வப்போது அசையும், இடம் மாறும். கொழுந்து வெட்டும் கத்தரி வந்த பிறகு இரண்டு கையும் ஒரே கருவியில் பூட்டிக்கொண்டு, தோளும் இடுப்பும் ஒரே வீச்சைத் திரும்பத் திரும்பச் செய்கின்றன. கூலிப் பேச்சில் கிலோ கூடியதைச் சொல்வார்கள், இதைச் சொல்ல மாட்டார்கள்.

குனிந்தே நிற்கும்போது முதுகுத் தசைகள் ஒரு கட்டத்தில் வேலையைக் கைவிட்டுவிடும். பாரம் தசைநார்களுக்கும் டிஸ்க்குக்கும் போகும். அவை மெல்ல மெல்ல நீண்டு தளரும். 20 நிமிடம் முழுதாகக் குனிந்திருந்தவர்களைக் கனடாவில் அளந்து பார்த்திருக்கிறார்கள்: நிமிர்ந்த இரண்டு நிமிடத்தில் இறுக்கத்தில் பாதி திரும்பியது, அரை மணி நேரம் கழித்தும் முழுதாகத் திரும்பவில்லை. அந்தத் தளர்ந்த முதுகோடு ஒருவர் என்ன செய்யக்கூடாதோ, தோட்டத்தில் அதைத்தான் அடுத்துச் செய்ய வேண்டியிருக்கிறது. பறிப்பை நிறுத்தியதும் நிரம்பிய சாக்கைத் தூக்கித் தலையில் வைத்து எடை போடும் இடத்துக்கு ஏற வேண்டும். ஒரு நடைக்கு 15, 20 கிலோ என்பது அவர் சொன்ன கணக்கு. அன்றைய அளவுக்கு மேல் பறித்தால் கிலோவுக்குத் தனிக்காசு. ஆகவே பாதி நிரம்பியதும் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வர யாருக்கும் மனம் வராது. ஏறி இறங்கும் நேரத்தில் இன்னும் இரண்டு கிலோ பறிக்கலாமே. கொழுந்து மிகுந்து வரும் ஏப்ரல், மே மாதங்களிலும் செப்டம்பருக்குப் பிறகும் என்னிடம் வரும் பெண்களின் எண்ணிக்கை கூடுவது இதனால்தான் என்பது என் எண்ணம்.

குளிர்தான் காரணம் என்று மலையில் எல்லோரும் சொல்வார்கள். உறைபனி விழும் மாதத்தில் தசை விறைப்பது உண்மை, வெந்நீர் ஒத்தடம் இதமாக இருப்பதும் உண்மை. ஆனால் சிட்னியில் முதுகுவலி புதிதாக வந்த நாட்களின் வானிலையை ஒப்பிட்டு ஆராய்ந்தபோது வெப்பநிலைக்கும் மழைக்கும் வலிக்கும் தொடர்பு தெரியவில்லை. குளிரைக் காரணமாக்கினால் யாரும் எதையும் மாற்ற வேண்டியதில்லை என்ற வசதி இருக்கிறது.

கைரோபிராக்டிக் எதைச் செய்கிறது, எதைச் செய்வதில்லை

இந்த முறை 1895 செப்டம்பரில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்து டாவன்போர்ட் ஊரில் டி.டி. பால்மர் என்பவரிடம் தொடங்குகிறது. காது கேளாத ஹார்வி லில்லார்ட் என்ற துப்புரவுப் பணியாளரின் முதுகில் புடைத்திருந்த ஒரு முள்ளெலும்பைத் தள்ளிவிட்டதும் அவருக்குக் காது கேட்டது என்பது பால்மர் சொன்ன கதை. முள்ளெலும்பு இம்மி விலகி நரம்பை அழுத்துவதே பெரும்பாலான நோய்களுக்கு மூலம் என்ற கொள்கையை அவர் அதிலிருந்து கட்டினார். இந்த விலகலுக்கு அவர்கள் வைத்த பெயர் சப்லக்சேஷன். அந்தக் கொள்கைக்கு இன்றுவரை தக்க சான்று இல்லை. காதுக்கு நரம்பு முதுகு வழியாகப் போவதும் இல்லை. அமெரிக்க மருத்துவச் சங்கம் இவர்களை ஒதுக்கிவைத்ததை எதிர்த்து 1976-இல் வழக்குப் போட்டு, 1987-இல் நீதிமன்றத்தில் வென்றார்கள். அந்தத் தீர்ப்பு தொழில் செய்யும் உரிமையைப் பற்றியது. சப்லக்சேஷன் உண்மை என்று அது சொல்லவில்லை.

கொள்கை தவறு என்பதால் கைவேலையும் வீண் என்று ஆகிவிடாது. பிசியோதெரபி படித்தவர்கள் பலர் இந்த இடத்தில் அவசரப்படுகிறார்கள். 2019-இல் 47 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், நாட்பட்ட இடுப்புவலிக்கு முதுகெலும்பைக் கையால் அசைக்கும் சிகிச்சை, பரிந்துரைக்கப்படும் மற்றச் சிகிச்சைகள் அளவுக்குப் பயன் தருகிறது என்று தெரிந்தது. அவற்றைவிடப் பெரிதாக இல்லை, குறைவாகவும் இல்லை. அமெரிக்க மருத்துவர் கல்லூரியின் 2017 வழிகாட்டுதலில் இதற்கு இடம் உண்டு. இங்கிலாந்தின் 2016 வழிகாட்டுதல், உடற்பயிற்சியோடு சேர்த்தால் மட்டும் செய்யலாம் என்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலும் இது இடம் பெற்றிருக்கிறது. அதே ஆவணம் இடுப்பு பெல்ட்டையும் இழுவைச் சிகிச்சையையும் வேண்டாம் என்கிறது. நம் ஊரில் நடப்பது நேர் எதிர். இழுவை மேசை இல்லாத மையத்தை நோயாளிகள் மையமாகவே மதிப்பதில்லை.

அந்தப் 'படக்' சத்தம் எலும்பு இடத்தில் போய் உட்காரும் ஓசை அல்ல. மூட்டின் இரு பரப்புகளும் சட்டென்று பிரியும்போது உள்ளிருக்கும் திரவத்தில் வாயுக் குழி ஒன்று உருவாகிறது. கனடாவில் விரல் மூட்டை இழுத்து, அது நடக்கும் நொடியை எம்.ஆர்.ஐ. கருவிக்குள்ளேயே படம் பிடித்து 2015-இல் வெளியிட்டார்கள். அந்தத் திடீர் இழுப்பில் மூட்டைச் சுற்றியுள்ள உணர்நரம்புகள் தூண்டப்பட்டு, இறுகிய தசை சிறிது நேரம் தளர்கிறது, வலி மட்டுப்படுகிறது. அந்தப் பெண்ணின் 'ரெண்டு நாள்' அதுதான். எலும்பு உள்ளே போகவில்லை, ஏனென்றால் அது வெளியே வந்திருக்கவே இல்லை. அந்த இரண்டு நாள் சுகத்தை ஒருவர் எதற்குப் பயன்படுத்துகிறார் என்பதில்தான் சிகிச்சையின் மதிப்பு இருக்கிறது. அவர் அதைக் கொண்டு என்ன செய்தார்? சுகமாக இருக்கிறதென்று மறுநாளே முழுச் சாக்கு சுமந்தார்.

இந்தியாவில் கைரோபிராக்டிக்குக்கென்று தனிச் சட்டமோ பதிவேடோ இல்லை. வேறு மருத்துவப் படிப்பு இல்லாமல் இதைத் தொடங்குகிறவருக்கு 4,200 மணி நேரத்துக்குக் குறையாத பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2005-இல் சொன்னது. பலகை மாட்டியவரிடம் எங்கே படித்தீர்கள், எத்தனை ஆண்டு என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. கழுத்தைத் திருகுவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்: மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் ஒன்று கழுத்தெலும்புகளின் துளைகள் வழியாகத்தான் ஏறுகிறது. வேகமாகத் திருகியதைத் தொடர்ந்து அதன் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்த நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன. அரிதுதான். ஆனால் இடுப்புவலிக்கு வந்தவரின் கழுத்தைத் தொட ஒரு காரணமும் கிடையாது.

மாமியார்

மருமகளைப் பரிசோதித்து முடிக்கும்வரை அந்த அம்மா சுவரோரம் கையை ஊன்றி நின்றுகொண்டே இருந்தார். உட்காரச் சொன்னதற்கு, "உக்காந்தா எந்திரிக்க முடியாது சாமி. இவளுக்குத் தட்டுறப்ப எனக்கும் ஒரு தட்டு தட்டி விட்டுரு, போதும்" என்றார். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பம். பதின்வயதில் கூடை கட்டியவர். இத்தனை வருடம் உழைத்த முதுகு வலிக்கத்தானே செய்யும் என்று வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

அவருடைய வலிக்கு வயது மூன்று வாரம். தண்ணீர்க் குடத்தைத் தரையிலிருந்து தூக்கிய நொடியில் நடு முதுகுக்குச் சற்றுக் கீழே 'சுருக்' என்றது. அதிலிருந்து படுக்கையில் புரள முடியவில்லை. மருமகளின் வலி வேலையோடு கூடிக் குறைந்தது. இவருடையது எந்த அசைவிலும் குத்தியது. முதுகு வளைந்திருந்தது. முன்பு எட்டிய அலமாரித் தட்டு இப்போது எட்டுவதில்லை என்றார். முள்ளெலும்புகளை ஒவ்வொன்றாக விரலால் மெதுவாகத் தட்டிக்கொண்டு வந்தபோது விலா எலும்புகள் முடியும் இடத்துக்குக் கீழே ஒரே ஒரு எலும்பில் துடித்துப் போனார்.

மாத்திரை ஏதும் சாப்பிடுகிறீர்களா என்றதற்கு, "சுகர் இல்ல, பிரஷர் இல்ல" என்றார். மருமகள் குறுக்கிட்டு, "அந்த மூச்சு மாத்திரையைச் சொல்லுங்க அத்தை" என்றார். சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த பழைய அட்டை வந்தது: பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை. என்றோ ஒரு மருத்துவர் சில நாளைக்கு எழுதிக்கொடுத்ததை, இளைப்பு வரும்போதெல்லாம் அட்டையைக் காட்டி மெடிக்கலில் வாங்கிப் பல வருடமாகச் சாப்பிட்டு வருகிறார். ஸ்டீராய்டு மாத்திரையை மூன்று மாதம் தொடர்ந்து எடுத்தாலே எலும்பு முறியும் அபாயம் கூடுகிறது. மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு அது இரட்டைச் சுமை.

கையை வைக்காமல் எக்ஸ்ரேவுக்கு அனுப்பினேன். எல்-1 முள்ளெலும்பின் முன்பக்கம் அமுங்கி ஆப்பு வடிவத்துக்கு வந்திருந்தது. முள்ளெலும்பு அமுங்கல்களில் மூன்றில் இரண்டு பங்கு மருத்துவரின் கண்ணுக்கே வராமல் போகின்றன. வயசான வலி என்று எல்லோரும் நகர்ந்துவிடுகிறார்கள். எலும்பு மருத்துவர் இரத்தப் பரிசோதனைகளும் செய்தார். முதுகெலும்புக் காசநோயும் மஜ்ஜைப் புற்றுநோயும் இதே மாதிரி எலும்பை அமுக்கக்கூடும் என்பதால் அது தேவை. அவை இல்லை. எலும்பு அடர்த்தியை அளக்கக் கோவையில் எடுத்த டெக்ஸா ஸ்கேனில் அளவு மைனஸ் 3.4. மைனஸ் 2.5-ஐத் தொட்டாலே எலும்புப்புரை, அதாவது எலும்பு மெலிந்து எளிதில் முறியும் நோய்.

வாரம் ஒருமுறை எலும்புத் தேய்வைக் குறைக்கும் அலெண்ட்ரோனேட் மாத்திரை, கால்சியம், வைட்டமின் டி தொடங்கினார்கள். அலெண்ட்ரோனேட்டை வெறும் வயிற்றில் வெறும் தண்ணீரோடு விழுங்கி அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உணவுக்குழாய் புண்ணாகும். காலையில் காபி குடிக்காமல் அரை மணி நேரம் என்பதுதான் அந்த அம்மாவுக்கு எலும்பு முறிவைவிடப் பெரிய பிரச்சினையாக இருந்தது. மூச்சு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. பல வருடம் ஸ்டீராய்டு எடுத்தவரின் உடம்பு இயற்கையான ஸ்டீராய்டைச் சொந்தமாகச் சுரப்பதை மறந்திருக்கும். சட்டென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. நெஞ்சக மருத்துவர் இன்ஹேலருக்கு மாற்றி, மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்தார்.

என் பங்கு சிறியது. படுக்கையிலிருந்து உருண்டு பக்கவாட்டில் எழுவது, குனியாமல் குந்துவது, சுவரில் முதுகைச் சாய்த்துத் தோளை விரிப்பது, வாசலில் நடப்பது. இரண்டு மாதத்தில் வலி பெரும்பாலும் அடங்கியது. வளைவு அப்படியே இருக்கிறது, இருக்கும்.

மருமகளுக்குச் செய்தது

அவரைக் கைரோபிராக்டரிடம் அனுப்பலாம் என்று நான் முடிவு செய்ததற்கு மூன்று காரணங்கள். தடை எதுவும் இல்லை: எலும்புப்புரை, முறிவு, தொற்று, கட்டி, கூடிக்கொண்டே போகும் நரம்புத் தளர்ச்சி, இரத்தம் உறையாமலிருக்க எடுக்கும் மாத்திரை, இவற்றில் ஒன்றும் கிடையாது. வழிகாட்டுதல்கள் அனுமதிக்கின்றன. மூன்றாவது, அவருக்கு அதில் நம்பிக்கை இருந்தது. நோயாளியின் எதிர்பார்ப்பு பலனைக் கூட்டும் என்பது முதுகுவலியில் நன்றாகத் தெரிந்த விஷயம். வேகமாகத் தள்ளும் முறையை நான் செய்வதில்லை; வெளிநாட்டில் முறையாகப் படித்துவிட்டுக் கோவையில் தொழில் செய்யும் ஒருவருக்குக் கடிதம் எழுதி அனுப்பினேன். அவர் தொடுவதற்கு முன் முழுப் பரிசோதனையையும் திரும்பச் செய்தார். கழுத்தைத் தொடவே இல்லை.

மூன்று வாரத்தில் நான்கு அமர்வுகள். ஒருக்களித்துப் படுக்கவைத்து, மேல் காலை மடக்கி, இடுப்பைத் திருப்பி, கீழ் முதுகில் ஒரு குறுகிய வேகத் தள்ளல். முதல் அமர்வுக்கு மறுநாள் உடம்பு அடித்துப்போட்டது போல இருந்தது என்றார். அது பலருக்கும் வருவது, ஓரிரு நாளில் போய்விடும். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் வழியாகக் கோவை போய் வர ஒரு பகல் முழுக்கப் போகும், அன்றைய கூலியும் போகும். மலைப்பாதை பஸ்ஸின் பின்சீட்டில் உட்கார்ந்து வந்தால் செய்த சிகிச்சையில் பாதி வழியிலேயே இறங்கிவிடும் என்று அவரிடம் வேடிக்கையாகச் சொல்வேன். நான்கோடு நிறுத்தச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். 'வாரம் மூன்று வீதம் ஆறு மாதப் பேக்கேஜ்' விற்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு பிடிக்காது.

வலி தணிந்த அந்த நாட்களில்தான் என் வேலை. முதல் வாரம் நடை மட்டும். பிறகு மல்லாந்து படுத்து இடுப்பை உயர்த்துவது, மண்டியிட்டு எதிரெதிர்க் கையும் காலும் நீட்டுவது, இடுப்பை மடிக்காமல் தொடை மூட்டில் மடங்கிக் குனிவது. கடைசியாகச் சொன்னதைக் கற்க அவருக்கு அதிக நாள் ஆனது. முதுகைக் காப்பாற்றுவதாக நினைத்து மாதக்கணக்கில் முடிந்தவரை குனியாமலே இருந்தவர், குனிவதற்கே பயந்தார். காலி வாளியில் தொடங்கி, அரிசி போட்ட பையில் 5 கிலோ, 8 கிலோ, 12 கிலோ என்று ஏற்றினோம். 12 கிலோவை முதல்முறை தூக்கியபோது, "ஒண்ணும் ஆகல!" என்று அவரே சிரித்துவிட்டார்.

வேலை இடத்தில் செய்த மாற்றங்கள் சின்னவை. சாக்கைத் தூக்குவதற்கு முன் ஒரு நிமிடம் நிமிர்ந்து நடந்து, நாலைந்து முறை பின்னால் வளைவது. சரிவில் நிற்கும் பக்கத்தை வரிசைக்கு வரிசை மாற்றுவது. சாக்கை முக்கால் நிரம்பியதும் கொண்டுபோவது. இந்த மூன்றாவது அவருக்குக் காசு நஷ்டம் என்பதால் நடக்கவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. அதற்குப் பதிலாகச் சூப்பர்வைசருக்கு ஒரு கடிதம் எழுதினேன்: ஆறு வாரத்துக்குக் கவாத்துக் காட்டிலிருந்து உயரமான செடிகள் உள்ள பகுதிக்கு மாற்றித் தர முடியுமா என்று. மாற்றினார்கள். இந்த நிகழ்வில் எது எவ்வளவு பலன் தந்தது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. ஒரே ஆளை வைத்து அப்படிச் சொல்லவும் கூடாது. பந்தயம் கட்டச் சொன்னால் நான் அந்தக் கடிதத்தின் மேல்தான் கட்டுவேன்.

ஆஸ்வெஸ்ட்ரி மதிப்பு ஆறாவது வாரத்தில் 26 சதவீதம், மூன்றாவது மாதத்தில் 14. ஆபரேஷன் பேச்சு நின்றது. எம்.ஆர்.ஐ.யைத் திரும்ப எடுக்க வேண்டுமா என்று கேட்டார், வேண்டாம் என்றேன். அதே பிதுக்கம்தான் இருக்கும், பார்த்தால் பயம்தான் திரும்பும்.

அக்டோபரில் கொழுந்து குவிந்தபோது வலி ஒருமுறை வந்தது. படுக்கவில்லை, பெல்ட் கட்டவில்லை. பாதி வேலையும் வெந்நீர் ஒத்தடமும் நடையுமாக நான்கு நாளில் அடங்கியது. அவரோடு பறிக்கும் மற்றப் பெண்கள் இன்னும் அந்தக் குட்டைச் செடிகளில்தான் இருக்கிறார்கள். அவர்களில் இருவர் வந்து சூப்பர்வைசருக்குக் கடிதம் கேட்டார்கள், எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒருவரை மாற்றினால் இன்னொருவர் அந்த இடத்துக்குப் போக வேண்டும். முறை வைத்து மாற்ற முடியுமா என்ற பேச்சு நடக்கிறது.

போன மாதம் மாமியாரின் மாத்திரைச் சீட்டோடு வந்தவர், "வருஷத்துக்கு ரெண்டு தடவை கோயமுத்தூர் போய் படக்கு வச்சுக்கிட்டா நல்லதுதானே டாக்டரம்மா?" என்றார். வலி இல்லாதபோது தேவையில்லை, அந்தக் கைரோபிராக்டரும் அதையேதான் எழுதியிருக்கிறார் என்றேன். தலையாட்டினார். பொங்கல் லீவில் போவார் என்றுதான் நினைக்கிறேன்.